ஸ்ட்ரிங்ஸ்ட்ரீமுக்குள் இருக்கும் பஃபரை நகலெடுக்காமல் எடுப்பது எப்படி? (சி++)

பொருநை எழுதியது:

ஓஸ்ட்ரிங்ஸ்ட்ரீம் (எழுதுவதை மெமரியில் சேர்க்கும் சி++ ஸ்ட்ரீம்) ஒன்றில் ஏறக்குறைய 40 எம்பி அளவுக்கு ஒரு அறிக்கை சேர்கிறது. எழுதி முடித்ததும் அதை மூன்று இடங்களில் பயன்படுத்த வேண்டும்: நீளம் பார்க்க, செக்சம் (தரவு மாறவில்லை என்று சரிபார்க்கும் எண்) கணக்கிட, கோப்பில் எழுத. மூன்று இடத்திலும் உள்ளடக்கத்தை ஸ்ட்ரிங்காகத் தரும் எஸ்டிஆர்() அழைத்திருக்கிறேன். மெமரி ஒவ்வொரு முறையும் 40 எம்பி ஏறி இறங்குகிறது.

நகலைத் தவிர்க்க இரண்டு வழி முயன்றேன். இரண்டும் சரிவரவில்லை.

1) கான்ஸ்ட் சார் *ப = அறிக்கை.எஸ்டிஆர்().சி_எஸ்டிஆர்();
அடுத்த வரியில் ப-வைப் படித்தால் நிரல் விழுந்துவிடுகிறது. ஆனால் 200 பைட் சோதனைத் தரவு கொடுத்தால் விழவில்லை. முதல் சில எழுத்துகள் மட்டும் குப்பையாக வந்து மீதி சரியாக இருக்கிறது.

2) கோப்பு << அறிக்கை.ஆர்டிபஃப்();
கோப்பு காலியாக வருகிறது. அதற்குப் பிறகு அந்தக் கோப்பில் எழுதும் எதுவும் பதிவாகவில்லை.

லினக்ஸ், 64 பிட், ஜிசிசி. இப்போதைக்கு சி++17. பஃபர் உள்ளேதானே இருக்கிறது, அதை நேரடியாக எடுக்க வழி உண்டா?

---

கல்வெட்டு எழுதியது:

உங்களுக்கு வந்த இரண்டு பிழைக்கும் காரணம் வேறு வேறு. தனித்தனியாகப் பார்ப்போம்.

முதலாவது: எஸ்டிஆர்() உங்களிடம் தருவது உள்ளே இருக்கும் பஃபரை அல்ல, அதன் நகலான புது ஸ்ட்ரிங்கை. அதற்குப் பெயர் வைக்காததால் அந்த வரியின் அரைப்புள்ளி வந்ததுமே அது அழிந்துவிடும். ப சுட்டுவது இல்லாத இடத்தை.

அளவுக்கு ஏற்ப அறிகுறி மாறுவதும் தற்செயல் அல்ல. 64 பிட் லினக்ஸில் கிளிப்சி என்ற சி லைப்ரரியின் மாலக் (மெமரி ஒதுக்கும் ஃபங்ஷன்) 32 எம்பிக்கு மேற்பட்ட துண்டை எப்போதும் எம்மேப் செய்துதான், அதாவது கெர்னலிடம் தனியாகக் கேட்டு வாங்கித்தான், தருகிறது. விடுவித்ததும் அந்தப் பக்கங்கள் கெர்னலுக்கே திரும்பிவிடும். அதனால்தான் 40 எம்பி உடனே விழுகிறது. 200 பைட் துண்டு அப்படித் திரும்புவதில்லை, திரெட்டின் சொந்தச் சிறு கையிருப்பில் அடுத்த கோரிக்கைக்காகக் காத்திருக்கும். அந்தப் பட்டியலைக் கோர்க்க கிளிப்சி துண்டின் முதல் 16 பைட்டில் தன் சொந்தத் தகவலை எழுதிக்கொள்ளும். நீங்கள் பார்த்த குப்பை அதுதான். மீதி 184 பைட்டை யாரும் இன்னும் தொடவில்லை, அவ்வளவே. 15 பைட்டுக்குள் அடங்கும் ஸ்ட்ரிங் என்றால் எழுத்துகள் ஹீப்புக்கே (மாலக் மெமரி தரும் பகுதிக்கே) போகாது. தற்காலிக ஸ்ட்ரிங்கின் உடலுக்குள்ளேயே, ஸ்டாக்கில் இருக்கும். அது சில சமயம் முழுக்கச் சரியாகவே தெரியும். மூன்றிலும் ஆபத்தானது அதுதான், ஏனென்றால் சோதனையில் தப்பிவிடும்.

அட்ரஸ் சானிடைசர் (மெமரிப் பிழையைப் பிடிக்கும் கம்பைலர் கருவி) போட்டுக் கம்பைல் செய்து ஓட்டுங்கள். ஹீப்பில் இருக்கும் இரண்டு அளவுக்கும் எந்த வரியில் விடுவிக்கப்பட்டது, எந்த வரியில் படித்தீர்கள் என்று இரண்டையும் காட்டும்.

சி++17-இல் உடனடித் திருத்தம் ஒரே ஒரு பெயர்:

கான்ஸ்ட் ஆட்டோ உரை = அறிக்கை.எஸ்டிஆர்();

இதை ஒருமுறை மட்டும் எடுத்து மூன்று இடத்திலும் உரை-யையே கொடுங்கள். மூன்று நகல் ஒன்றாகும். ஃபங்ஷன் அழைப்புக்குள்ளேயே எஸ்டிஆர்().சி_எஸ்டிஆர்() என்று கொடுப்பது தவறல்ல. அந்த அழைப்பு முடியும்வரை தற்காலிக ஸ்ட்ரிங் உயிரோடு இருக்கும். அழைக்கப்பட்ட சி லைப்ரரி அந்தப் பாயிண்டரைச் சேமித்து வைத்துக்கொண்டால்தான் சிக்கல்.

இரண்டாவது பிழையை நுனிவிரல் நன்றாக விளக்குவார்.

---

நுனிவிரல் எழுதியது:

ஆர்டிபஃப்() விஷயம் இது.

ஓஸ்ட்ரிங்ஸ்ட்ரீம் என்பது எழுத மட்டும் திறந்த பஃபர். அதில் படிக்கும் பகுதியே கிடையாது. கோப்பு << அறிக்கை.ஆர்டிபஃப்() என்பது "அந்தப் பஃபரிலிருந்து எழுத்து எழுத்தாகப் படித்து இங்கே கொட்டு" என்ற கட்டளை. படிக்க ஒன்றும் இல்லாததால் பூஜ்ய எழுத்து நகர்கிறது. ஒரு எழுத்துகூட நகராவிட்டால் வாங்கும் ஸ்ட்ரீமில் ஃபெயில்பிட் ஏற்ற வேண்டும் என்பது தரநிலையின் விதி. அதாவது உங்கள் கோப்பு ஸ்ட்ரீம் பழுதுநிலைக்குப் போய்விட்டது. பிறகு கிளியர்() அழைக்கும்வரை அது எதையும் எழுதாது.

ஓஸ்ட்ரிங்ஸ்ட்ரீமுக்குப் பதில் வெறும் ஸ்ட்ரிங்ஸ்ட்ரீம் போடுங்கள், அதே வரி வேலை செய்யும். முழு நகல் ஸ்ட்ரிங்காக உருவாகாமல் கோப்புக்குப் போகும். ஆனால் இரண்டு எச்சரிக்கை.

முதலில், இது படிக்கும் இடத்தை நகர்த்துகிறது. இரண்டாவது முறை அதே வரியை எழுதினால் மறுபடி பூஜ்யம், மறுபடி ஃபெயில்பிட். இடையில் படிக்கும் இடத்தைத் தொடக்கத்துக்குத் திருப்பும் சீக்ஜி(0) வேண்டும்.

அடுத்து, உள்ளடக்கம் உண்மையிலேயே காலியாக இருக்கும் நாளும் வரும். கோப்புக்குப் பதில் சிஅவுட்டுக்கு (திரைக்கு எழுதும் ஸ்ட்ரீம்) அனுப்பியிருந்தால், அறிக்கையில் ஒரு வரிகூட இல்லாத அன்று இந்த ஒரு வரி சிஅவுட்டையே ஊமையாக்கிவிடும். அதன்பின் அதில் எழுதும் பிழைச் செய்திகள்கூட திரையில் வராது. ஆகவே காலியா என்று பார்த்துவிட்டு அனுப்புங்கள்.

---

எண்திசை எழுதியது:

சி++20-க்கு நகர முடிந்தால் இந்தக் கேள்வி இரண்டு வரியில் தீர்ந்துவிடும். ஜிசிசி 11 முதல் இருக்கிறது.

அறிக்கை.வியூ() — பஃபரின் மேல் ஒரு ஸ்ட்ரிங்_வியூ தரும். நகல் இல்லை. நீளம், செக்சம், கோப்பில் எழுதுதல் மூன்றுக்கும் இதுவே போதும்.

எஸ்டிடி::மூவ்(அறிக்கை).எஸ்டிஆர்() — பஃபரையே உருவி ஸ்ட்ரிங்காகக் கையில் தரும். எழுத்துகள் இடம் மாறுவதில்லை, உரிமை மட்டும் மாறுகிறது. ஸ்ட்ரீம் அதன்பின் காலி, மறுபடி எழுதலாம்.

பழைய எஸ்டிஆர்() நகல். வியூ() பார்வை. மூவ் செய்த எஸ்டிஆர்() கைமாற்றம். எந்த வரியில் எது நடக்கிறது என்று தெரிந்து எழுதினால் போதும்.

வியூ()-வில் மக்கள் வழுக்கும் இடங்கள்:

பார்வையை எடுத்த பிறகு ஸ்ட்ரீமில் இன்னொரு எழுத்து எழுதினாலும் பார்வை செல்லாது என்றே வைத்துக்கொள்ளுங்கள். பஃபர் வளர்ந்தால் அது வேறு இடத்துக்குக் குடிபோகும். எல்லா எழுத்தும் பஃபரை வளர்ப்பதில்லை என்பதால் இந்தப் பிழை எப்போதாவதுதான் தலைகாட்டும்.

ஒரு ஃபங்ஷனுக்குள் ஸ்ட்ரீமை உருவாக்கி ரிட்டர்ன் அறிக்கை.வியூ() என்று திருப்புவது பொருநையின் முதல் பிழையேதான், வேறு வேடத்தில். அந்த இடத்தில் மூவ் செய்த எஸ்டிஆர்()-ஐத் திருப்புங்கள்.

வியூ().டேட்டா()-வை சி_எஸ்டிஆர்() போல நினைத்து சி ஃபங்ஷனுக்குக் கொடுக்காதீர்கள். முடிவில் பூஜ்ய பைட் இருக்கும் என்று எந்த உத்தரவாதமும் இல்லை. நீளத்தையும் சேர்த்து வாங்கும் ஃபங்ஷனுக்கு மட்டுமே கொடுக்கலாம்.

---

பொருநை எழுதியது:

மூவருக்கும் நன்றி. 16 பைட் விளக்கம் துல்லியமாகப் பொருந்துகிறது.

சி++20-க்கு இப்போது மாற வழியில்லை. ஸ்ட்ரிங்பஃப்பில் பிபேஸ்(), பிபிடிஆர்() என்று இரண்டு இருக்கின்றனவே. அவை எழுதும் பகுதியின் தொடக்கமும் இப்போதைய இடமும்தானே? புரொடெக்டட் என்பதால் வெளியிலிருந்து தொட முடியவில்லை. ஒரு கிளாஸ் வழிவித்து, ஆர்டிபஃப்() தரும் பாயிண்டரை அந்த வகைக்கு காஸ்ட் செய்தால் சரியா? இணையத்தில் அப்படிப் பார்த்தேன்.

---

கல்வெட்டு எழுதியது:

காஸ்ட் செய்யாதீர்கள். உள்ளே இருப்பது உங்கள் கிளாஸ் அல்ல, வெறும் ஸ்ட்ரிங்பஃப். அதை உங்கள் கிளாஸ் என்று சொல்லி அழைப்பது வரையறுக்கப்படாத நடத்தை. இன்று ஓடும், கம்பைலர் கொடி ஒன்று மாறினால் ஓடாது.

வழிவித்த கிளாஸை உண்மையாகவே உருவாக்கிப் பயன்படுத்தினால் தவறில்லை. ஸ்ட்ரிங்பஃப்பிலிருந்து வழிவித்து, பப்ளிக் பகுதியில் பிபேஸ், பிபிடிஆர் இரண்டுக்கும் யூசிங் எழுதி, அதன் ஆப்ஜெக்ட் மேல் ஒரு சாதாரண ஓஸ்ட்ரீம் கட்டுங்கள்:

திறந்த_பஃபர் பஃ(எஸ்டிடி::ஐஓஎஸ்::அவுட்);
எஸ்டிடி::ஓஸ்ட்ரீம் அறிக்கை(&பஃ);

எழுதி முடித்ததும் பஃ.பிபேஸ்() தொடக்கம், பஃ.பிபிடிஆர்() - பஃ.பிபேஸ்() நீளம். ஓஸ்ட்ரிங்ஸ்ட்ரீம் இங்கே தேவையில்லை. அதற்குள் அதன் சொந்த ஸ்ட்ரிங்பஃப் இருக்கும், அதை மாற்ற முடியாது.

ஒரு குறை: நடுவில் எழுதும் இடத்தை நகர்த்தும் சீக்பி கொண்டு பின்னால் போயிருந்தால் பிபிடிஆர் உண்மையான முடிவைக் காட்டாது. எஸ்டிஆர்(), வியூ() இரண்டும் இதுவரை எட்டிய உச்சத்தைக் கணக்கில் வைக்கும். பிபிடிஆர் வைக்காது.

---

எண்திசை எழுதியது:

சி++17-இல் இதைவிட எனக்குப் பிடித்த வழி ஸ்ட்ரிங்பஃப்பையே விட்டுவிடுவது. ஸ்ட்ரீம்பஃப்பிலிருந்து நேராக வழிவித்து, எழுதுவதெல்லாம் உங்கள் சொந்த ஸ்ட்ரிங்குக்குள் போகும்படி செய்யுங்கள். மொத்தம் இரண்டே ஃபங்ஷன்.

ஓவர்ஃப்ளோ(இன்ட் எ): எ முடிவுக்குறி (ஈஓஎஃப்) இல்லையென்றால் உரை.புஷ்_பேக்(எ). திருப்புவது நாட்_ஈஓஎஃப்(எ).

எக்ஸ்எஸ்புட்என்(ப, நீ): உரை.அப்பெண்ட்(ப, நீ). திருப்புவது நீ.

உரை உங்களுடையது. முன்கூட்டியே இடம் ரிசர்வ் செய்யலாம், சி_எஸ்டிஆர்() எடுக்கலாம், மூவ் செய்யலாம். நகல் என்ற பேச்சே இல்லை.

இரண்டையும் எழுதுங்கள். ஓவர்ஃப்ளோ மட்டும் எழுதினால் நிரல் சரியாகவே ஓடும், ஆனால் எழுதும் பகுதி ஒன்று வைக்காததால் ஒவ்வொரு பைட்டுக்கும் ஒரு வர்ச்சுவல் அழைப்பு. 40 எம்பி என்றால் 4 கோடி அழைப்பு.

ஓவர்ஃப்ளோ திருப்பும் மதிப்பிலும் கவனம். வாங்கிய எழுத்தை சார் ஆக்கி அதையே திருப்புவார்கள் சிலர். எக்ஸ்86-இல் சார் குறியுடையது. 255 என்ற பைட் இன்ட் ஆகும்போது -1 ஆகிவிடும். -1 என்றால் முடிவுக்குறி, அதாவது தோல்வி. உரையில் 255 வராது, யுடிஎஃப்-8 அதைப் பயன்படுத்துவதே இல்லை. பைனரித் தரவு எழுதும் அன்று ஸ்ட்ரீம் பாதியில் நின்றுவிடும், காரணமும் எளிதில் பிடிபடாது.

எழுதும் இடத்தைச் சொல்லும் டெல்பி() இந்தப் பஃபரில் -1 தரும், ஏனென்றால் சீக்ஆஃப் எழுதவில்லை. நீளத்துக்கு உரை.சைஸ்() இருக்கிறது.

---

பொருநை எழுதியது:

இது அப்படியே எனக்குப் பொருந்துகிறது. ரிசர்வ் பற்றி ஒரு கேள்வி: ஓஸ்ட்ரிங்ஸ்ட்ரீம் தானாக எப்படி வளர்கிறது? எஸ்டிஆர்() அழைக்கும் முன்பே உச்ச மெமரி எதிர்பார்த்ததைவிட அதிகமாகத் தெரிந்தது.

---

எண்திசை எழுதியது:

ஜிசிசியின் லைப்ரரியில் முதல் வளர்ச்சி 512 பைட். பிறகு ஒவ்வொரு முறையும் இரட்டிப்பு. 40 எம்பி சேர வேண்டுமானால் 512, 1024 என்று போய் 3,35,54,432-இல் இடம் போதாமல் 6,71,08,864 பைட்டுக்குத் தாவும். அதாவது 32-லிருந்து 64. தாவும் நொடியில் பழையதும் புதியதும் சேர்ந்தே இருக்கும், 96 எம்பி முகவரி இடம். புதிய 64-இல் எழுதாத பகுதியின் பக்கங்களை லினக்ஸ் உண்மையில் ஒதுக்குவதில்லை என்பதால் ஆர்எஸ்எஸ் (உண்மையில் ஒதுக்கிய மெமரி) எண் கொஞ்சம் குறைவாகத் தெரியலாம். அதன் மேல் ஒவ்வொரு எஸ்டிஆர்() நகலுக்கும் 40.

சொந்த ஸ்ட்ரிங்கில் 48 எம்பி ரிசர்வ் செய்துவிட்டால் இந்தத் தாவல் ஒன்றும் நடக்காது. சி++20 வந்தபின், ரிசர்வ் செய்த காலி ஸ்ட்ரிங்கை மூவ் செய்து எஸ்டிஆர்(...)-க்குள் கொடுத்தால் ஜிசிசியில் ஓஸ்ட்ரிங்ஸ்ட்ரீமும் அந்த இடத்தை எடுத்துக்கொள்ளும்.

---

மணல்மேடு எழுதியது:

இழையோடு ஒட்டிய கேள்வி. லூப்புக்குள் ஒரே ஸ்ட்ரிங்ஸ்ட்ரீமைத் திரும்பத் திரும்பப் பயன்படுத்துகிறேன். ஒவ்வொரு சுற்றின் தொடக்கத்திலும் கிளியர்() அழைக்கிறேன். பழைய உள்ளடக்கம் போகவில்லை, ஒட்டிக்கொண்டே வருகிறது.

---

நுனிவிரல் எழுதியது:

பெயர் ஏமாற்றுகிறது. கிளியர்() அழிப்பது ஃபிளாக்குகளை மட்டும். ஈஓஎஃப்பிட், ஃபெயில்பிட், பேட்பிட். உள்ளடக்கத்தை அழிப்பது எஸ்டிஆர்(""). அது ஃபிளாக்கைத் தொடாது. படிக்கவும் எழுதவும் பயன்படும் ஸ்ட்ரீம் என்றால் சுற்றுக்குச் சுற்று இரண்டும் வேண்டும். எஸ்டிஆர்("") மட்டும் போட்டால் முந்தைய சுற்றில் ஏறிய ஈஓஎஃப்பிட் அப்படியே இருக்கும், அடுத்த சுற்றில் எதைப் படித்தாலும் தோல்வி.

லூப்புக்குள் ஸ்ட்ரீமைப் புதிதாக உருவாக்காமல் வெளியே வைத்தது நல்லது. ஒவ்வொரு உருவாக்கத்திலும் லோக்கேல் (எண் முதலியவற்றை எழுதும் வட்டார முறை) எடுக்கும் வேலை இருக்கிறது. சிறு வரிகளை லட்சக்கணக்கில் உருவாக்கும்போது அந்தச் செலவே எழுதும் செலவைத் தாண்டிவிடும்.

லோக்கேல் என்றதும் ஒன்று. ஸ்ட்ரீம் உருவாகும் நேரத்தில் இருக்கும் குளோபல் லோக்கேலைத்தான் அது பிடித்துக்கொள்ளும். நிரலில் வேறு யாராவது அதை மாற்றியிருந்தால் 12345 என்று எழுதியது 12,345 என்று பஃபரில் இருக்கும். இயந்திரம் படிக்கும் தரவு என்றால் தொடக்கத்திலேயே இம்பியூ மூலம் கிளாசிக் லோக்கேலைக் கொடுத்துவிடுங்கள்.

---

கல்வெட்டு எழுதியது:

மணல்மேடு, எஸ்டிஆர்("")-க்கு மாற்றாக இன்னொன்று: சீக்பி(0). பஃபரை அப்படியே வைத்துக்கொண்டு எழுதும் இடத்தை மட்டும் தொடக்கத்துக்குக் கொண்டுபோகும். ஆனால் பழைய வால் மிச்சமிருக்கும். முதல் சுற்றில் 100 பைட், இரண்டாம் சுற்றில் 30 பைட் எழுதினால் வியூ() இன்னும் 100 பைட்டையே காட்டும், முதல் 30 புதிது, பின் 70 பழையது. ஆகவே வியூ().சப்எஸ்டிஆர்(0, டெல்பி()) என்று வெட்டித்தான் எடுக்க வேண்டும்.

இதே காரணத்தால் கடைசிக் காற்புள்ளியை நீக்க சீக்பி(-1, ஐஓஎஸ்::கர்) என்று மட்டும் எழுதினால் போதாது. 1,2,3, என்று இருந்தால் எஸ்டிஆர்() அதையே காற்புள்ளியோடு தரும். அந்த இடத்தின் மேல் ] எழுதினால்தான் 1,2,3] ஆகும். மேலே எழுத ஒன்றும் இல்லையென்றால் காற்புள்ளியை ஒவ்வொரு எண்ணுக்கும் *முன்னால்*, முதல் எண்ணைத் தவிர்த்து எழுதுவதே சுத்தம்.

தொடக்க உரையோடு உருவாக்கும்போதும் இதே குழி. ஓஸ்ட்ரிங்ஸ்ட்ரீம் அ("தலைப்பு: ") என்று உருவாக்கி எழுதத் தொடங்கினால் தலைப்பின் மேலேயே எழுதும். உருவாக்கும்போது ஐஓஎஸ்::ஏட் கொடுத்தால் முடிவிலிருந்து தொடரும்.

---

மணல்மேடு எழுதியது:

புரிந்தது. படிக்கும் பக்கம் ஒன்று கேட்டுவிடுகிறேன். ஒரு எண்ணைப் படித்தபின் *மிச்சம்* என்ன இருக்கிறது என்று பார்க்க வியூ().சப்எஸ்டிஆர்(டெல்ஜி()) எழுதினேன், டெல்ஜி() படிக்கும் இடத்தைச் சொல்லும் என்பதால். "12 கிலோ" வந்தால் சரி. வெறும் "12" வந்தால் அவுட்_ஆஃப்_ரேஞ்ச் எக்செப்ஷன்.

---

எண்திசை எழுதியது:

"12 கிலோ"-வில் 2-க்குப் பின் இடைவெளியைப் பார்த்து எண் முடிந்தது என்று நிற்கிறது. டெல்ஜி() 2. மிச்சம் " கிலோ".

"12"-இல் எண் முடிந்ததா என்று அறிய அடுத்த எழுத்தைக் கேட்கிறது, அங்கே ஒன்றும் இல்லை, ஈஓஎஃப்பிட் ஏறுகிறது. எண் சரியாகவே வந்துவிட்டது, ஃபெயில்பிட் இல்லை. ஆனால் சி++11 முதல் டெல்ஜி() அழைப்பே ஒரு படிக்கும் முயற்சியாகக் கணக்கு. ஈஓஎஃப்பிட் இருக்கும் ஸ்ட்ரீமில் அது ஃபெயில்பிட்டை ஏற்றிவிட்டு -1 தருகிறது. அந்த -1 குறியற்ற அளவாக மாறும்போது மாபெரும் எண். சப்எஸ்டிஆர் எக்செப்ஷன் எறிகிறது.

இரண்டு திருத்தம். எளியது, ஈஓஎஃப்() உண்மை என்றால் மிச்சம் காலி என்று எடுத்துக்கொள்வது. இன்னொன்று, ஃபிளாக்குகளைப் பார்க்காத பஃபரிடமே நேராகக் கேட்பது:

ஆர்டிபஃப்()->பப்சீக்ஆஃப்(0, ஐஓஎஸ்::கர், ஐஓஎஸ்::இன்)

இது "12"-க்கும் 2 தரும். ஃபிளாக் எல்லாம் ஸ்ட்ரீமுடையது, இடம் பஃபருடையது. இந்தப் பிரிவினை மனதில் இருந்தால் இந்த இழையில் வந்த பாதிச் சிக்கல் வராது.

மிச்சத்தை ஸ்ட்ரிங்காக எடுக்க ஐஸ்ட்ரீம்பஃப்_இட்டரேட்டர் இருக்கிறது. பஃப் இல்லாத ஐஸ்ட்ரீம்_இட்டரேட்டரைப் போட்டுவிடாதீர்கள், அது இடைவெளிகளை விழுங்கிவிடும்.

---

வெள்ளோட்டம் எழுதியது:

தமிழ் உரையைப் பஃபரில் எழுதுவோர் கவனிக்க ஒன்று. இதுவரை பேசிய நீளம், இடம் எல்லாமே பைட் கணக்கு. யுடிஎஃப்-8-இல் தமிழின் ஒவ்வொரு குறியீடும் 3 பைட். புள்ளியும் உயிர்க்குறியும் தனிக் குறியீடுகள். "தமிழ்" என்று எழுதினால் கண்ணுக்கு 3 எழுத்து, 5 குறியீடு, டெல்பி() காட்டுவது 15.

பத்தியின் அகலத்தைக் குறிக்கும் செட்டபிள்யூவும் பைட்டைத்தான் எண்ணும். பொருள் பட்டியலை 20 அகலத்தில் அடுக்கினால் "அரிசி" 15 பைட், 5 இடைவெளி கிடைக்கும். "பருப்பு" 7 குறியீடு, 21 பைட். ஒரு இடைவெளிகூடக் கிடைக்காது, அடுத்த பத்தி அதில் ஒட்டிக்கொள்ளும். தமிழ் அட்டவணைக்கு செட்டபிள்யூ உதவாது. அகலத்தை நீங்களே கணக்கிட்டு இடைவெளி போட வேண்டும்.

வியூ()-வை எண் கொடுத்து வெட்டும்போதும் அப்படியே. "பருப்பு"-வை 20 பைட்டில் வெட்டினால் கடைசிக் குறியீட்டின் 2 பைட் மட்டும் மிஞ்சி திரையில் � வரும். மேல் இரண்டு பிட் 10 ஆக இருக்கும் பைட் எல்லாம் ஒரு குறியீட்டின் நடுப்பகுதி. வெட்டும் இடத்தில் அப்படி ஒன்று இருந்தால் அது மாறும்வரை பின்னால் வாருங்கள். அப்படி வந்து 18-இல் வெட்டினாலும் கிடைப்பது "பருப்ப". குறியீடு உடையவில்லை, சொல் உடைந்துவிட்டது. அதனால் உயிர்க்குறியிலோ புள்ளியிலோ வெட்டு விழுந்தால் அதைத் தாங்கும் மெய் எழுத்தையும் சேர்த்தே பின்னால் தள்ளுங்கள்.

---

நுனிவிரல் எழுதியது:

வெள்ளோட்டம் சொன்னது தங்கம். தமிழ் அறிக்கைகள் கோணலாக வருவதற்கு எழுத்துருவைக் குறை சொல்வதே வழக்கமாகிவிட்டது.

---

கரைவழி எழுதியது:

என் பக்கம் நிலையான 256 பைட் அரே ஒன்றுதான் இருக்கிறது, ஹீப் கூடாது. ஸ்ட்ரிங்ஸ்ட்ரீமின் ஆர்டிபஃப்()->பப்செட்பஃப்(அரே, 256) கொடுத்தால் அதிலேயே எழுதுமா?

---

கல்வெட்டு எழுதியது:

நம்பாதீர்கள். ஸ்ட்ரிங்பஃப்பில் அது என்ன செய்யும் என்பதை தரநிலை ஒவ்வொரு லைப்ரரியிடமே விட்டுவிட்டது. ஒன்றில் உங்கள் அரேயை எடுத்துக்கொள்ளும், இன்னொன்றில் ஒன்றும் செய்யாது. கம்பைலர் எச்சரிக்கவும் மாட்டாது.

இதற்காகவே பழைய காலத்தில் ஸ்ட்ரஸ்ட்ரீம் இருந்தது. 1998 தரநிலையிலேயே கைவிடத்தக்கது என்று குறிக்கப்பட்டது, சி++26-இல் நீக்கப்பட்டுவிட்டது. பழைய நிரலைப் பராமரிப்போர் மட்டும் தெரிந்துகொள்ள: அதில் எஸ்டிஆர்() உண்மையான பஃபரையே தரும். அரே கொடுக்காமல் தானாக வளரவிட்டிருந்தால், எஸ்டிஆர்() தந்த நொடியில் பஃபரை உறைய வைக்கும். ஃப்ரீஸ்(ஃபால்ஸ்) என்று திரும்ப விடுவிக்காவிட்டால் மெமரி கசியும். முடிவில் பூஜ்ய பைட்டும் தானாக வராது, எண்ட்ஸ் எழுத வேண்டும்.

இன்றைய சரியான விடை சி++23-இன் ஓஸ்பான்ஸ்ட்ரீம். ஜிசிசி 12 முதல் உண்டு. 256 பைட் அரேயை ஸ்பானாக (தொடக்கமும் நீளமும் கொண்ட பார்வையாக) கொடுங்கள். எழுதியபின் ஸ்பான்() அழைத்தால் எழுதிய பகுதி மட்டும் வரும், அதே அரேயின் மேல், நகல் இல்லாமல். வளராது. 257-வது பைட்டில் ஸ்ட்ரீம் பழுதுநிலைக்குப் போகும், முதல் 256 அப்படியே இருக்கும். ஆகவே முடிவில் இஃப் (!ஸ்ட்ரீம்) சோதனை கட்டாயம், இல்லையென்றால் அறுபட்ட செய்தியை முழுச் செய்தி என்று அனுப்பிவிடுவீர்கள்.

சி++23 இல்லையென்றால் எண்திசை சொன்ன ஸ்ட்ரீம்பஃப் வழியே இன்னும் சுலபம்: கன்ஸ்ட்ரக்டரில் எழுதும் பகுதியைக் குறிக்கும் செட்பி(அரே, அரே + 256) ஒரே வரி. ஓவர்ஃப்ளோவின் இயல்பு நடத்தையே தோல்விதான் என்பதால் வேறு எதுவும் எழுத வேண்டாம்.

---

கரைவழி எழுதியது:

செட்பி ஒரு வரி, வேலை முடிந்தது. நன்றி. பைத்தானில் இதற்கு இணை கெட்பஃபர்தானே?

---

வெள்ளோட்டம் எழுதியது:

ஆம், பைட்ஸ்ஐஓவுக்கு மட்டும். ஸ்ட்ரிங்ஐஓவுக்குக் கிடையாது, அங்கே கெட்வேல்யூதான். கெட்பஃபர் தரும் பார்வை உயிரோடு இருக்கும்வரை பஃபரின் அளவை மாற்றப் பார்த்தால் பைத்தான் பஃபர்எரர் எறிந்து தடுத்துவிடும். சி++-இன் வியூ() எதையும் தடுக்காது. அந்தக் காவல் வேலை எழுதுபவருடையது.

---

பொருநை எழுதியது:

ஓவர்ஃப்ளோ, எக்ஸ்எஸ்புட்என் இரண்டும் எழுதி மாற்றிவிட்டேன், 48 எம்பி ரிசர்வோடு. உச்ச மெமரி ஒரே ஸ்ட்ரிங்கின் அளவோடு நிற்கிறது. கடைசிக் கேள்வி: உரை.டேட்டா(), உரை.சைஸ்() இரண்டையும் லினக்ஸின் ரைட் அழைப்புக்கு நேராகக் கொடுக்கலாமா?

---

எண்திசை எழுதியது:

கொடுக்கலாம். திரும்பி வரும் எண்ணைப் பாருங்கள். பைப், சாக்கெட்டுக்கு எழுதும்போது கேட்டதைவிடக் குறைவாக எழுதித் திரும்புவது இயல்பு. சாதாரணக் கோப்பிலும் வட்டு நிறைந்தால் அப்படி வரும். எழுதியது போக மிச்சத்தை, டேட்டா() கூட்டல் எழுதிய அளவு என்ற இடத்திலிருந்து, மறுபடி கொடுக்கும் லூப் வேண்டும். -1 வந்து எர்நோ (பிழை எண்) ஈஇன்டிஆர், அதாவது சிக்னல் இடைமறித்தது, என்றால் அதே இடத்திலிருந்து மீண்டும். அந்த லூப் முடியும்வரை உரை-யில் எதையும் சேர்க்காதீர்கள்.